சி.வி. என்றால் மலையகத்தில்: ஒரு முன் ஆக்ஸிலின் வரலாறு

மலையகத்தில் "சி.வி." என்று சொன்னால் முதியவர்களுக்கு ஒருவர்தான் நினைவுக்கு வருவார். மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகி, மறு ஆண்டே தம் மக்களின் பிரசாவுரிமை பறிபோவதைக் கண்ணால் கண்டு, 1984இல் மறைந்த கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. ஆனால் இன்று அட்டன் நகரத்துக் கராஜ் ஒன்றின் முன் நின்று "சி.வி. போச்சு" என்று யாரேனும் சொன்னால், அவர் கவிஞருக்காக வருந்துகிறார் என்று எண்ணிவிடாதீர்கள். அவருடைய கெப் வாகனத்தின் முன் ஆக்ஸிலில் உள்ள மூட்டுத் தேய்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். அந்த இரண்டெழுத்து 'கொன்ஸ்டன்ட் வெலோசிட்டி' என்பதன் சுருக்கம். மாறா வேக மூட்டு என்று நாம் தமிழ்ப்படுத்திக்கொள்ளலாம். கராஜில் அப்படிச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது என்பது வேறு விடயம்.

கனடாவில் வாழும் மலையக நண்பர் ஒருவர் அண்மையில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் இருக்கும் அவருடைய தம்பி, பழைய ஹைலக்ஸ் கெப் ஒன்றை வைத்துத் தொழில் செய்கிறார். மரக்கறி, உரம், கல்யாண வீட்டுச் சாமான், அகால வேளையில் நோயாளர் என எல்லாவற்றையும் ஏற்றும் வண்டி அது. இரு பக்க முன் ஆக்ஸில்களும் ஒரே நேரத்தில் போய்விட்டன. காசு அனுப்பப்போகிறவர் நண்பர். ஆகவே கேள்வியும் அவருடையது. எதை வாங்கச் சொல்வது? அதனோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு கேள்வியும் வந்திருந்தது. ரொறன்ரோவில் பத்து ஆண்டு ஓடியும் அசையாத சாமான், எங்கள் ஊரில் மட்டும் ஏன் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது?

முதற்கேள்விக்கு ஒரு மெக்கானிக் பத்து நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார். இரண்டாவதற்கு விடை தேட வேண்டுமானால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். எனக்கு இரண்டாவதில்தான் அக்கறை. ஆயினும் முதலாவதையும் விட்டுவிடப் போவதில்லை.

கண்டி இராச்சியத்தில் சக்கரத்துக்கு இடமிருக்கவில்லை. காடும் கணவாயும் அரண் என்று கருதிய மன்னர்கள் அகன்ற பாதைகளை விரும்பவில்லை. பொதி மாடுகளின் தாவளங்களே மலைக்கும் கடற்கரைக்கும் இடையே உப்பையும் பாக்கையும் கொண்டுசென்றன. 1815இல் கண்டி வீழ்ந்தபின் ஆங்கிலேயர் செய்த முதன்மையான வேலைகளுள் ஒன்று பாதை வெட்டியது. கொழும்பிலிருந்து கண்டிக்கான வீதி 1820களில் அமைக்கப்பட்டது. அதன் பொறியியலாளரான கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. அதே வீதியில் சிறுவயதிலேயே பணிக்கு வந்த தோமஸ் ஸ்கின்னர், பின்னாளில் இலங்கை வீதிகளின் தந்தை போலப் பேசப்பட்டார். மண்ணை வெட்டியவர்களுக்குக் கோபுரமில்லை. 1848இல் டொரிங்டன் பிரபுவின் ஆட்சி, ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. மாத்தளைக் கிளர்ச்சிக்கு எண்ணெய் ஊற்றிய காரணங்களுள் அதுவும் ஒன்று. பாதை என்பது இந்த நாட்டில் தொடக்கம் முதலே அரசியல்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்துக் கூலிகள் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். அவர்களைச் சுமந்த அச்சு எதுவுமில்லை. அவர்கள் பறித்த கோப்பி மட்டும் மாட்டுவண்டியில் சென்றது. தோட்டங்களின் உள்ளே அந்த வண்டிகளுக்காக மலையின் விலாவைச் செதுக்கி வளைவு வளைவாகப் பாதைகள் வெட்டப்பட்டன. "கரத்தை ரோடு" என்று தோட்டத்து மக்கள் வழங்கும் பெயர் அந்தக் காலத்தின் எச்சம். கரத்தை என்றால் மாட்டுவண்டி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று இரண்டு தொன் எடையுள்ள கெப் வாகனம், மாடு திரும்புவதற்காக வெட்டிய கொண்டை ஊசி வளைவில்தான் திரும்புகிறது.

மாட்டுவண்டியின் அச்சு எளிமையானது. ஒரு குறுக்குச் சட்டம், இருபுறமும் சக்கரம், கழன்று ஓடாமல் கடையாணி. சக்கரம் அச்சின்மேல் தானாகச் சுழல்கிறது. இழுப்பது மாடு. ஆகவே அச்சு எதையும் இயக்க வேண்டியதில்லை, தாங்கினால் போதும். முறிந்தால் தோட்டத்துத் தச்சர் மரத்தை வெட்டி மாற்றுவார். எந்த மரம் என்பதுதான் அன்றைய தெரிவு.

1867இல் இரயில் கண்டிக்கு வந்தது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு ஆண்டுகளில் கோப்பியை இலைநோய் பிடித்தது. தேயிலை ஏற ஏற இரயிலும் ஏறியது. 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் அட்டன், 1885இல் நானுஓயா. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்தின் இருளில் பயணம் செய்யாத மலையகத்தவர் குறைவு. இந்தக் காலத்தில்தான் இயந்திரத் தொழிலும் மலைக்கு வந்தது. ஜோன் வாக்கர் 1854இலேயே கண்டியில் கோப்பி உரிக்கும் இயந்திரங்களுக்கான பட்டறையைத் தொடங்கியிருந்தார். பிரவுன் கம்பனி 1875இல் அட்டனில் தொடங்கியது. கொழும்பில் இன்று பெருங் கம்பனிகளாக அறியப்படும் பெயர்கள், மலையில் பட்டறைகளாகப் பிறந்தவை.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியே இராகலைக்கு 1903-04இல் ஒரு குறுகிய பாதை இரயிலும் ஓடத் தொடங்கியது. வீதியில் லொறி வந்தபின் அது தாக்குப்பிடிக்கவில்லை. 1940களில் கைவிடப்பட்டது. அன்றிலிருந்து மலையகத்தின் கடைசி மைல் முழுவதும் டயருக்கு உரியதாயிற்று. கொழுந்து மடுவத்திலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து இரயில் நிலையத்துக்கு, லயத்திலிருந்து வைத்தியசாலைக்கு எல்லாம் கரத்தை ரோட்டிலேதான்.

இனி மூட்டுக்கு வருவோம்.

சாதாரண லொறிக்கு இயந்திரம் முன்னால், இயங்கும் சக்கரம் பின்னால். பின் அச்சு ஒரு இரும்புக் குழாயினுள் நேராகக் கிடக்கிறது. இயந்திரத்தின் சுழற்சியைப் பின்னுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டில் சிலுவை வடிவ மூட்டுகள் இருக்கும். ஆங்கிலேய அறிஞர் ரொபர்ட் ஹூக் 17ஆம் நூற்றாண்டில் விளக்கிய மூட்டு அது. அதில் ஒரு குறை உண்டு. தண்டு மடிந்த நிலையில் சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடி இருமுறை குறையும். கோணம் சிறிதானால் கவலையில்லை. இரண்டு மூட்டுகளை எதிரெதிராக வைத்து ஒன்றின் பிழையை மற்றொன்றால் சரிக்கட்டிவிடலாம். ஆனால் முன்சக்கரத்தை இயக்க வேண்டுமானால்? அது இயங்கவும் வேண்டும், ஓட்டுபவர் திருப்பும் பக்கம் திரும்பவும் வேண்டும். 30, 40 பாகைக் கோணத்தில் ஹூக்கின் மூட்டு வண்டியையே உலுக்கிவிடும்.

இதற்கான விடை 1920களில் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பிறந்தது. பிரான்சில் கிரெகுவார், ஃபெனாய் என்னும் இருவர் டிராக்டா மூட்டை அமைத்து, அதே பெயரில் முன்சக்கர இயக்கக் கார் செய்து 1927இல் லெ மான் பந்தயத்துக்கே கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் ஃபோர்ட் கம்பனியின் பொறியியலாளர் அல்ஃபிரட் ரெப்பா, ஆறு எஃகுக் குண்டுகளை ஒரு கூட்டினுள் அடைத்து, வளைந்த பள்ளங்களில் ஓடவிட்டார். மூட்டு எந்தக் கோணத்தில் மடிந்தாலும், அந்த ஆறு குண்டுகளும் அக்கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே நிற்கும். ஆகவே இந்தப் பக்கத்து வேகமும் அந்தப் பக்கத்து வேகமும் எப்போதும் ஒன்று. இன்று உலகெங்கும் முன்சக்கரக் கார்களின் வெளிமூட்டு, சிற்சில மாற்றங்களோடு, ரெப்பாவின் மூட்டுத்தான். அவர் பெயரைச் சொன்னால் எந்தக் கராஜிலும் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாம் உலகப் போர் இந்த மூட்டைப் பொதுச்சொத்தாக்கியது. அமெரிக்க ஜீப்பின் முன் அச்சில் டிராக்டா, ரெப்பா, பெண்டிக்ஸ் எனக் கிடைத்த எல்லா வகை மூட்டுகளையும் போட்டார்கள். ஒரு தொழிற்சாலையால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்பதே காரணம். 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளையகம் பேராதனைக்கு வந்து அமர்ந்தபோது, கண்டிச் சீமையின் பாதைகளில் ஜீப் வழக்கமான காட்சியாயிற்று. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. தொடக்க கால லேண்ட் ரோவர்களின் முன் அச்சிலும் டிராக்டா மூட்டே இருந்தது. அதே 1948இல்தான் இலங்கைப் பாராளுமன்றம் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. துரைமாருக்கு எந்த மலையிலும் ஏறும் வண்டி கிடைத்த ஆண்டும், தொழிலாளருக்கு நாடு இல்லாமற்போன ஆண்டும் ஒன்றே. இதில் காரண காரியம் ஒன்றுமில்லை. ஆனாலும் ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் பத்திரிகைக்காரனை விட்டுப் போவதில்லை.

1970களின் நடுப்பகுதியில் இளம் நிருபனாக நான் அட்டனுக்குப் போகத் தொடங்கிய காலம், இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம். பாண் வரிசை பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். உதிரிப்பாக வரிசை பற்றி எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. மொறிஸ் மைனரும் ஒஸ்டினும் ஃபோர்ட் லொறியும் சாமான் இல்லாமல் ஓடின. ஓடவைத்தவர்கள் கடைசல் பட்டறைக்காரர்கள். முறிந்த அச்சைக் கொண்டுபோய் வைத்தால், உடைந்த வேறொரு பெரிய லொறியின் அச்சைத் தறித்து, கடைந்து, பல் வெட்டித் தருவார்கள். லேண்ட் ரோவர், ஜீப் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வித்தை தெரிந்திருந்தது. முன்னோக்கி ஓடும் வண்டியில் மூட்டின் பள்ளம் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே தேயும். எனவே குண்டு மூட்டுள்ள வண்டியில் இடப்பக்க மூட்டை வலப்பக்கத்துக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டுவிட்டால், தேயாத சுவரில் இன்னும் சில காலம் ஓடும். வெளிநாடுகளில் பழைய லேண்ட் குரூசர் வைத்திருப்போர் இந்த முறையை இன்றும் கையாளுகிறார்கள். ஏழ்மையில் பிறந்த பொறியியல் என்று இதை இழிவாக நினைக்க வேண்டாம்.

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பானிய வண்டிகள் வெள்ளமாக வந்தன. 1979இல் நான்கு சக்கர இயக்க ஹைலக்ஸ் உலகச் சந்தைக்கு வந்தது. பழைய ஹைலக்ஸில் முன் அச்சும் பின் அச்சைப் போலவே ஒரே திண்மக் குழாய். மூட்டு அதன் இரு நுனியிலும் இரும்பு உருண்டைக்குள் பத்திரமாக ஒளிந்திருந்தது. சேறு உள்ளே போவது அரிது. பின்னர் வந்த வண்டிகளில் பயணச் சுகத்துக்காக ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு வந்தது. அப்போது ஆக்ஸில் குழாயை விட்டு வெளியே வந்தது. தண்டின் இரு நுனியிலும் மூட்டு, மூட்டின் மேல் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட், பூட்டினுள் கிரீஸ். அவ்வளவுதான் பாதுகாப்பு. எஃகு மூட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது எஃகு அன்று, மெல்லிய ரப்பர்.

இதை மலைப்பாதையில் வைத்துப் பாருங்கள். கல் அடுக்கிய பாதையில் அடி தட்டாமல் இருக்க, பலர் முன்பக்க டோர்ஷன் பாரை முறுக்கி வண்டியை உயர்த்திவிடுகிறார்கள். உயர்ந்த வண்டியில் ஆக்ஸில் எப்போதும் சரிந்தே நிற்கும். பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உராயும். ஒருநாள் கிழியும். கிரீஸ் சிதறும். பருவமழையின் செந்நீரும் பொடிமணலும் உள்ளே போகும். பிறகு கொண்டை ஊசி வளைவில் ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்து, பாரத்தோடு ஏறும்போது "டிக் டிக் டிக்" என்று ஒரு சத்தம் வரும். அது வெளிமூட்டின் மரண ஓலம். வளைவில் சத்தமில்லாமல், நேர்ப்பாதையில் வேகம் எடுக்கும்போது மட்டும் நடுக்கம் தெரிந்தால், பழுது பெரும்பாலும் உள்மூட்டில் இருக்கும். ஒரு தவறான பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கல்பாதை முடிந்து தார் வீதிக்கு வந்த பின்னும் நான்கு சக்கர இயக்கத்தை விலக்காமல் ஓட்டுகிறார்கள். பெரும்பாலான கெப் வாகனங்களில் முன் அச்சும் பின் அச்சும் அந்நிலையில் இறுகப் பிணைந்துவிடும். வளைவில் முன்சக்கரங்கள் அதிகத் தூரம் ஓட வேண்டும். பிடிப்புள்ள தாரில் சறுக்கிச் சரிசெய்ய வழியில்லாததால், அந்த முறுக்கு முழுவதும் மூட்டில் வந்து இறங்கும்.

இனி நண்பரின் முதற்கேள்வி. வாங்குவதற்கு முன் ஒரு சொல்: பின்சக்கர இயக்கம் மட்டுமே உள்ள கெப், 'பட்டா' ரகச் சிறு லொறி ஆகியவற்றில் இந்த ஆக்ஸிலே கிடையாது. "சி.வி. மாத்தணும்" என்று அவற்றின் உரிமையாளரிடம் எவரேனும் சொன்னால், அவர் வேறு கராஜுக்குப் போவதே நல்லது.

சத்தம் இன்னும் வராமல், பூட் மட்டும் கிழிந்திருந்தால் ஆக்ஸில் வாங்கத் தேவையில்லை. கழற்றி, கழுவி, உரிய மொலிப்டினம் கிரீஸ் இட்டு, புதிய பூட் போட்டால் போதும். ஆக்ஸிலைக் கழற்றாமலே ஒட்டிவிடக்கூடிய பிளந்த பூட் என்று ஒன்று விற்கிறார்கள். கொழும்பு வீதிக்கு அது போதுமோ என்னவோ, மலைக்கு ஆகாது.

சத்தம் வந்துவிட்டால் நான்கு வழிகள் இருக்கின்றன. கம்பனியின் புதிய அசல், சீனாவிலோ தாய்வானிலோ இந்தியாவிலோ செய்த புதிய மாற்றுச் சாமான், வெளிமூட்டை மட்டும் மாற்றுவது, பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் ஜப்பான் பாவித்த அசல். புதிய அசல் எல்லாவற்றிலும் சிறந்தது என்பதில் விவாதமில்லை. ஆனால் அதன் விலை தோட்டத் தொழிலாளி ஒருவரின் மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும். 2021இல் போராடிப் பெற்ற நாட்சம்பளம் 1,000 ரூபா என்பதை எண்ணிப் பாருங்கள். 2022 மார்ச்சில் ரூபாவின் மதிப்பு மிதக்கவிடப்பட்டபின், 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. இறக்குமதிச் சாமான் எல்லாம் அதனோடு ஏறியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் பழைய வண்டிகளே மீண்டும் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டன. 1970களின் பட்டறைக்காரர்களுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் மறுவாழ்வு வந்தது என்றே சொல்ல வேண்டும்.

மலிவான புதிய சாமான் எல்லாம் தரமற்றது என்று சொல்லமாட்டேன். நல்லதும் வருகிறது. ஆனால் பார்வைக்கு வேறுபாடு தெரியாது. தண்டு மெலிந்திருக்கலாம். எஃகைச் சூடேற்றிக் கடினப்படுத்திய முறை குறைபட்டிருக்கலாம். பூட் ஆறு மாதத்தில் விறைக்கலாம். நீளம் சில மில்லிமீற்றர் பிசகினால்கூட, சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது உள்மூட்டு முட்டுக்கொள்ளும். பெட்டி அசலாகவும் சாமான் போலியாகவும் இருப்பது வேறு ஒரு கலை. வட அமெரிக்காவில் பழைய ஆக்ஸிலைத் திருப்பித் தந்தால் விலையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்கள். பள்ளங்களைப் புதிதாகச் சாணைபிடித்து, சற்றே பெரிய குண்டுகளைப் போட்டு மீள விற்பார்கள். அந்த ஒழுங்கு நம் நாட்டில் வேரூன்றவில்லை. ஆகவே நம்மவர் பழைய அசலை இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். நல்ல வெளிமூட்டு ஒன்று கிடைக்கும் நாளில் அந்தத் தண்டு உதவும்.

என் தெரிவு, அதாவது பல கராஜ் பெஞ்சுகளில் அமர்ந்து தேநீர் குடித்துச் சேர்த்த அறிவு, பாவித்த அசலும் புதிய பூட்டும் என்பதே. ஆனால் பஞ்சிகாவத்தையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது. நடுத்தண்டைப் பிடித்துக்கொண்டு வெளிமூட்டை முழுவதும் மடக்கிச் சுற்ற வேண்டும். எங்கேனும் கடகடவென்று படிக்கட்டு இறங்குவதுபோல் தட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். பூட்டின் வளையத்தைத் தளர்த்தி, கிரீஸை விரலிடுக்கில் தேய்க்க வேண்டும். மினுமினுப்பு தெரிந்தால் உள்ளே எஃகு உதிர்கிறது. பழைய ஆக்ஸிலைக் கையோடு கொண்டுபோய், சக்கரப் பக்கத்துப் பற்களையும் பெட்டிப் பக்கத்துப் பற்களையும் எண்ணி ஒப்பிட வேண்டும். நீளத்தையும் ஏ.பி.எஸ். வளையம் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். இடமும் வலமும் எல்லா வண்டியிலும் ஒன்றல்ல. சேஸிஸ் இலக்கத்தை எழுதிக்கொண்டு போகாதவர் இரண்டு தடவை பஸ் ஏற நேரிடும். அட்டனிலிருந்து கொழும்பு போய்வர ஒரு நாள் போய்விடும் என்பதால் இதைச் சொல்கிறேன். ஆக்ஸிலைக் கழற்றும்போதே டிஃபரன்ஷியலின் எண்ணெய் சீலையும் மாற்றிவிடுவது நல்லது. சீலின் விலை சொற்பம், வேலைக்கூலி ஒன்றே.

டோர்ஷன் பாரை முன்னிருந்த அளவுக்கு இறக்காமல் எந்த ஆக்ஸிலைப் போட்டாலும் அடுத்த மழைக்காலத்தில் அதே கதைதான். இதைச் சொன்னபோது அட்டன் மெக்கானிக் ஒருவர் சிரித்தார். "இறக்கிட்டா அடியில கல்லு தட்டுமுங்க ஐயா. ரோட்டை யாரு இறக்குறது?" என்றார்.

அவருடைய கேள்விதான் நண்பரின் இரண்டாவது கேள்விக்கு விடை. ரொறன்ரோவின் வீதி மாநகர சபையுடையது. கரத்தை ரோடு யாருடையது? ஆங்கிலேயக் கம்பனிகளின் காலத்தில் அது தோட்டத்தின் சொந்தப் பாதை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பின் அரச கூட்டுத்தாபனங்களின் பாதை. 1992இல் தோட்ட நிருவாகம் தனியாரிடம் போனபின் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பிலுள்ள பாதை. தேயிலை கீழே வர எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் எவரும் செப்பனிட்டார்கள். ஆலை வரை தார் இருக்கும். ஆலைக்கு மேலே பணியக்கணக்கு, மேற்கணக்கு லயங்களுக்குப் போகும் பாதையில், வெள்ளைக்காரன் அடுக்கிய கல் பெயர்ந்து கிடக்கும். ஊர்ப்பாதைகளைக் கவனிக்கப் பிரதேச சபைகள் இருந்தன. ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணம் தோட்டக் குடியிருப்புக்குள் நுழையத் தடையாக விளங்கியது. அங்கே வாழ்ந்தவர்கள் சபைக்கு வாக்களிக்கலாம். அந்தச் சபை அவர்கள் வாசலுக்கு ஒரு வண்டி கொங்கிறீட் கொட்ட முடியாது. பிரசாவுரிமை திரும்பிய பின்னும் பாதைக்கு அது திரும்பவில்லை.

இதன் விலையை ஆக்ஸிலில் மட்டும் கணக்கிடக்கூடாது. மலை உச்சி லயத்தில் ஒரு பெண்ணுக்கு இரவில் பிரசவ வலி எடுத்தால், கொழுந்து லொறியோ ட்ரெக்டரோ யாரேனும் ஒருவரின் கெப்போதான் வந்திருக்கிறது. நான் செய்தியாளனாக இருந்த காலம் முழுவதும், வழியில் பிறந்த குழந்தைகள் பற்றிய செய்தி பத்திரிகை அலுவலகத்துக்குப் புதிதாக இருந்ததில்லை. இந்திய உதவியுடன் 2016இல் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது. டிக்கோயாவில் இந்திய நிதியில் கட்டிய வைத்தியசாலையை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். இரண்டும் நல்லவையே. ஆனால் தாழ்ந்த வயிறுள்ள அம்புலன்ஸ் கல்பாதையில் ஏற முடியாத இடத்தில், நோயாளியைப் பிரதான வீதிவரை கொண்டுவந்து சேர்ப்பது இன்றும் கெப் வாகனம்தான். அந்த வேளையில் மூட்டு முறிந்தால்? பழைய வண்டியானால் ஒரு வழி இருக்கிறது. முன்சக்கர ஹப்பைக் கையால் விடுவித்துவிட்டால், பின்சக்கர இயக்கத்தில் மெல்ல இறங்கிவிடலாம். இறங்கத்தான் முடியும், ஏற முடியாது. மூட்டு உடைந்து துண்டு சிக்கிச் சக்கரமே இறுகிவிட்டால் அதுவும் இல்லை. அதனால்தான் நண்பருக்கு எழுதிய பதிலில், இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றும்படியும், தேய்ந்ததில் நல்ல ஒன்றைக் கழுவிக் கிரீஸ் பூசி வீட்டிலே வைத்திருக்கும்படியும் எழுதினேன்.

2018இல் அந்த 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. பல ஆண்டு வற்புறுத்தலின் பயன் அது. தலா இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைச் சுமந்து திணறிய நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளும் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரபத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் எனப் புதிய சபைகள் பிறந்தன. சட்டம் அனுமதியைத் தந்தது. பணம் தனியே வர வேண்டியிருந்தது. வந்த இடங்களில் இரண்டு சக்கரத் தடத்துக்கு மட்டும் கொங்கிறீட் பட்டை போட்டிருக்கிறார்கள். சில தோட்டங்களில் பாதியளவு, சிலவற்றில் கோவில் வரை, சிலவற்றில் தேர்தலுக்கு முன் போட்ட நூறு யார். கொங்கிறீட் முடியும் இடத்தை எந்தச் சாரதியும் இருட்டிலும் சொல்லிவிடுவார். அங்கே வண்டியை ஒரு கணம் நிறுத்தி, லீவரை நான்கு சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டு, மேலே போகிறார்கள்.